அனுமதி மறுக்கப்பட்டதா? பலர் பகிரும் சர்வரில் தரவுத்தள இணைப்பைச் சரிசெய்யும் வழி

சனிக்கிழமை மாலை ஒன்றில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தார். ஆர்டர்களைப் பதிய அவரே எழுதிய சிறு நிரல் தரவுத்தளத்தோடு இணைய மறுத்தது. மூன்று நாட்களில் நான்கு முறை கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்திருந்தார். பலன் இல்லை. "எனக்கு எல்லா அனுமதியும் கொடுத்துவிடுங்கள்" என்று சர்வர் நிர்வாகிக்கு எழுதப் போவதாகச் சொன்னார்.

அந்தச் சர்வரில் அவருடைய ஆர்டர் புத்தகம் மட்டும் இல்லை. அம்மாப்பேட்டைத் தறிக்கூடம் ஒன்றின் கூலிக் கணக்கும், ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றின் எடைப் பதிவும் அங்கேதான் இருக்கின்றன. ஒருவருக்கு எல்லா அனுமதியும் கொடுத்தால் மற்ற இருவரின் கணக்கும் அவர் கைக்கு எட்டிவிடும். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது நிரலில் ஒரு சொல் மாற்றம். அதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்தில் பார்த்தவற்றை, புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டையும் வைத்தே சொல்கிறேன். சிறு சர்வர்களில் அதிகம் இருப்பவை அவையே. இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் பற்றிப் பின்னால் ஒரு பகுதி உண்டு. கட்டளைகளின் ஒலிப்பை அப்படியே தமிழில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணைப் படியுங்கள்

பிழைச்செய்தி வந்ததும் அதை மூடிவிட்டு மறுபடி முயல்வதுதான் எல்லாருக்கும் கைப்பழக்கம். அதை விடுங்கள். செய்தியை முழுதாக நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டுங்கள். அதில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். பாதி வேலையை அந்த எண்ணே முடித்துக் கொடுக்கும்.

2000 முதல் 2999 வரையான எண்கள் உங்கள் பக்கத்து மென்பொருள் எழுப்புபவை. 2002 அல்லது 2003 வந்தால் நீங்கள் இன்னும் சர்வரின் வாசலைத் தொடவே இல்லை. அந்த நிலையில் கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் அதை அங்கே யாரும் கேட்கவே இல்லை. 1045, 1044, 1142 போல 1000-த்தில் தொடங்கும் எண்கள் சர்வரே அனுப்பும் பதில்கள். அவை வந்தால் பாதை சரியாக இருக்கிறது; சிக்கல் நீங்கள் யார் என்பதிலோ உங்களுக்கு என்ன அனுமதி என்பதிலோ இருக்கிறது.

வாசல் வரை போகிறதா?

2002, 2003 இரண்டிலும் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இன்னோர் எண் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

2002-இல் அந்த எண் 2 என்றால் சாக்கெட் கோப்பு, அதாவது அதே கணினியிலுள்ள நிரல்கள் தரவுத்தளத்தோடு பேசும் கோப்பு, நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை. டெபியன், உபுண்டு வகை லினக்ஸ் சர்வர்களில் அது வழக்கமாக வார், ரன், மைஎஸ்க்யூஎல்டி என்ற அடைவுகளுக்குள் இருக்கும். ரெட்ஹேட் வகையில் வார், லிப், மைஎஸ்க்யூஎல் அடைவுக்குள் இருக்கும். வேறு சர்வரிலிருந்து நிரலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். எண் 13 என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் லினக்ஸ் உங்களை அதன் அருகே விடவில்லை. அது இயங்குதளத்தின் அனுமதிச் சிக்கல். தரவுத்தளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிர்வாகியிடம் சொல்லும்போது இந்த 13-ஐக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

2003-இல் 111 என்றால் அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் (எண்ணிட்ட வாசலில்) யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. விண்டோஸ் கணினியிலிருந்து இணைபவர்களுக்கு இதுவே 10061 என்று வரும். மைஎஸ்க்யூஎல் வழக்கமாகக் கேட்கும் போர்ட் 3306. பல சர்வர்களில் நிர்வாகிகள் அதை உள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கும்படி, கணினி தன்னையே குறிக்கும் முகவரியான 127.0.0.1-இல் கட்டி வைத்திருப்பார்கள். அது குறையில்லை, நல்ல பாதுகாப்பு. திரை நெடுநேரம் அசையாமல் இருந்து கடைசியில் 110 அல்லது 10060 வந்தால், இடையில் ஒரு தீயரண் தரவுப் பொட்டலங்களை விழுங்குகிறது என்றே முதலில் சந்தேகியுங்கள்.

நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்?

இதுதான் கட்டுரையின் மையம். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

சேலத்தில் செல்வம் என்று மட்டும் சொன்னால் யாரும் ஆளைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். அம்மாப்பேட்டைச் செல்வமா, குகைச் செல்வமா, கொண்டலாம்பட்டிச் செல்வமா என்று கேட்பார்கள். ஊர்ப் பகுதியும் பெயரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். மைஎஸ்க்யூஎல் அதே வழக்கத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிறது. பயனர் பெயரும், இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்ததுதான் அதற்கு ஒரு கணக்கு. லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து, அதாவது அதே கணினியிலிருந்து, வரும் செல்வமும் வேறொரு ஐபி முகவரியிலிருந்து வரும் செல்வமும் அதன் கண்ணில் இரண்டு வெவ்வேறு ஆட்கள். இருவருக்கும் கடவுச்சொல் வேறாக இருக்கலாம், அனுமதியும் வேறாக இருக்கலாம், ஒருவர் இல்லாமலேயே இருக்கலாம்.

1045 வந்தால் செய்தியில் பெயருக்குப் பின்னால் அட் குறியும் அதன்பின் ஒரு முகவரியும் இருக்கும். சர்வர் உங்களை எங்கிருந்து வந்தவராகப் பார்க்கிறது என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் எதிர்பார்த்த முகவரிதானா என்று பாருங்கள். கொலுசுப் பட்டறைத் தம்பியின் செய்தியில் அது 127.0.0.1 என்று இருந்தது. அவர் கணக்கோ லோக்கல்ஹோஸ்ட்டுக்காகத் திறக்கப்பட்டது.

இரண்டும் ஒன்றுதானே என்று அவர் கேட்டார். லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் வாடிக்கை மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அது சாக்கெட் கோப்பு வழியாகப் போகும். 127.0.0.1 என்று கொடுத்தால் டிசிபி என்னும் வலையமைப்பு வழியாக, போர்ட் 3306-க்குப் போகும். சாதாரணமாகச் சர்வர் 127.0.0.1 என்ற எண்ணைப் பெயராக மாற்றிப் பார்த்து லோக்கல்ஹோஸ்ட் கணக்கோடு பொருத்திவிடும். ஆனால் நிர்வாகி வேகத்துக்காக ஸ்கிப் நேம் ரிசால்வ் என்ற அமைப்பை இயக்கியிருந்தால் அந்தப் பொருத்தம் நடக்காது. எண் எண்ணாகவே நிற்கும். தம்பியின் சர்வரில் அதுதான் நடந்தது. நிரலில் 127.0.0.1 இருந்த இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று மாற்றியதும் ஆர்டர் பட்டியல் திரையில் வந்துவிட்டது.

அதே செய்தியின் கடைசியில் யூஸிங் பாஸ்வேர்ட் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே நோ என்று இருந்தால் உங்கள் நிரல் கடவுச்சொல்லையே அனுப்பவில்லை. அமைப்புக் கோப்பு வாசிக்கப்படவில்லை, மாறியின் பெயரில் எழுத்துப்பிழை, இரண்டில் ஒன்றாக இருக்கும். யெஸ் என்று இருந்தால் அனுப்பியிருக்கிறது, பொருந்தவில்லை. அப்போது கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

பயனர் பெயருக்கு முன்னொட்டு விட்டுப்போயிருக்கலாம். சிபேனல் போன்ற, உலாவியில் சர்வரை நிர்வகிக்கும் பலகைகளில் நீங்கள் கொலுசு என்று பெயர் வைத்தால் உண்மைப் பெயர் உங்கள் கணக்குப் பெயர், அடிக்கோடு, கொலுசு என்று அமையும். தரவுத்தளத்தின் பெயரும் அப்படித்தான்.

கடவுச்சொல்லில் டாலர் குறி இருந்தால், நீங்கள் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல், இரட்டை மேற்கோளுக்குள் அதை மாறியாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் இடுங்கள். அமைப்புக் கோப்பில் எண் குறி (#) வந்தால் அதற்குப் பிந்தியதெல்லாம் குறிப்புரையாகிவிடும். அங்கும் மேற்கோள் வேண்டும்.

உங்கள் வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் மை.சிஎன்எஃப் என்ற மறைகோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் வாடிக்கை மென்பொருள் அதிலுள்ள பழைய கடவுச்சொல்லை எடுத்துக்கொள்ளும். சந்தேகம் தீர, நோ டிஃபால்ட்ஸ் என்ற விருப்பத்தைக் கட்டளையின் முதல் விருப்பமாகக் கொடுத்து, நிரலைத் தள்ளிவைத்துவிட்டு, டெர்மினலிலிருந்து கையாலேயே இணைந்து பாருங்கள். கையால் இணைந்தால் குற்றம் நிரலில். கையாலும் இணையவில்லை என்றால் கணக்கில்.

உள்ளே போய்விட்டால் ஒரு கேள்வியை உடனே கேளுங்கள்: செலக்ட் யூசர், கரண்ட் யூசர். இரண்டுக்கும் பின்னால் வெற்று அடைப்புக்குறி வேண்டும். முதலாவது, நீங்கள் யார் என்று நீங்கள் சொன்னது. இரண்டாவது, சர்வர் உங்களை யாராக ஏற்றது. இரண்டும் வேறாக வந்தால் திடுக்கிட வேண்டாம். ஒரே பெயரில் பல கணக்குகள் இருந்தால் சர்வர் மிகக் குறிப்பான முகவரி உள்ளதை முதலில் எடுக்கும். எல்லா இடத்துக்கும் பொதுவான விழுக்காட்டுக் குறி (%) கணக்கில் நிர்வாகி உங்களுக்கு அனுமதி கொடுத்திருப்பார். நீங்களோ லோக்கல்ஹோஸ்ட் கணக்காக உள்ளே நிற்பீர்கள். கொடுத்தது கிடைக்கவில்லை என்று இருவரும் மாறி மாறி எழுதிக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக முயன்று 1698 வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உபுண்டுவிலும் புதிய மரியாடிபியிலும் ரூட் கணக்கு கடவுச்சொல்லைப் பார்ப்பதில்லை; இயங்குதளத்தின் ரூட் பயனரா என்று மட்டும் பார்க்கும். உங்கள் நிரலுக்கு ரூட் வேண்டியதே இல்லை. 2059 வந்தால் பெரும்பாலும் உங்கள் இணைப்பு நூலகம் பழையது. 2018-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையை மாற்றிவிட்டது. நூலகத்தைப் புதுப்பியுங்கள்.

ஏற்காட்டிலிருந்து இணைவது

காபித் தோட்டத்து அலுவலகத்தின் கதை வேறு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் அந்த அலுவலகத்தில் மொபைல் இணையம்தான். மின்சாரம் போய் வந்தாலும், இணைப்பு அறுந்து ஒட்டினாலும் ஐபி முகவரி மாறிவிடும். நிர்வாகி ஒருநாள் இருந்த முகவரிக்கு அனுமதி கொடுத்தார்; மறுநாளே 1130 வந்தது. இந்த முகவரியிலிருந்து வரும் யாருக்கும் இங்கே கணக்கில்லை என்பது அதன் பொருள். அதே சர்வரில் வேறு யாருக்காவது விழுக்காட்டுக் குறிக் கணக்கு இருந்தால் 1130-க்குப் பதிலாக 1045 வரும். அதனால் 1045-ஐப் பார்த்ததும் கடவுச்சொல் தவறு என்று முடிவுகட்டாதீர்கள்.

எந்த முகவரியிலிருந்தும் வரலாம் என்று கணக்கைத் திறந்துவிடுவது எளிது. செய்யாதீர்கள். உலகத்தில் உள்ள எல்லாரும் 3306-ஐத் தட்டிப் பார்க்க வழி திறக்கும். அதற்குப் பதிலாக எஸ்எஸ்எச் சுரங்கப்பாதை, அதாவது பாதுகாப்பான இணைப்புக்குள்ளே ஒரு தனி வழி, போடுங்கள். தோட்டத்துக் கணினியின் 3307 போர்ட்டைச் சர்வரின் உள்ளே உள்ள 127.0.0.1, 3306-உடன் இணைக்கும் ஒரு கட்டளை போதும். நிரலில் முகவரி 127.0.0.1, போர்ட் 3307 என்று கொடுங்கள். லினக்ஸ் கணினியாக இருந்தால் இங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதக் கூடாது. அது சுரங்கத்தை விட்டுவிட்டு உங்கள் கணினியின் சாக்கெட் கோப்பைத் தேடப் போய்விடும். சுரங்கம் வழியாகப் போனால், மலையிலிருந்து வந்தாலும் சர்வரின் கண்ணுக்கு நீங்கள் உள்ளூர் ஆள். கணக்கும் உள்ளூர்க் கணக்காகவே இருக்கலாம்; ஸ்கிப் நேம் ரிசால்வ் இயங்கும் சர்வரில் அது 127.0.0.1-க்கான கணக்காக இருக்க வேண்டும்.

உள்ளே வந்தாயிற்று, என்ன செய்யலாம்?

ஷோ கிராண்ட்ஸ் என்று கேளுங்கள். உங்கள் சொந்த அனுமதிகளைப் பார்க்க யாரிடமும் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. முதல் வரியில் கிராண்ட் யூஸேஜ் என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயன்படுத்த அனுமதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் யூஸேஜ் என்றால் உள்ளே வரலாம், வேறொன்றும் செய்ய முடியாது என்று பொருள். அதற்குக் கீழே உங்கள் தரவுத்தளத்தின் பெயரோடு இன்னொரு வரி இருக்க வேண்டும். இல்லை என்றால் 1044 வரும். பலகையில் பயனரை உருவாக்கிவிட்டு, அந்தப் பயனரைத் தரவுத்தளத்தோடு சேர்க்கும் அடுத்த படியை மறந்தவர்களுக்கும் இதுவே வரும். தரவுத்தளத்தின் பெயரைத் தவறாகத் தட்டினாலும் 1044 வரும், ஏனென்றால் அனுமதி இல்லாதவரிடம் அப்படியொரு தரவுத்தளம் இல்லை என்று சர்வர் சொல்லாது. லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கணக்கில் வரும்.

1142 என்றால் தரவுத்தளத்துக்குள் வந்துவிட்டீர்கள், குறிப்பிட்ட அட்டவணையில் குறிப்பிட்ட செயலுக்கு அனுமதி இல்லை. செய்தியிலேயே செயலின் பெயரும் அட்டவணையின் பெயரும் இருக்கும்.

1227 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குத்தான் தேவையில்லாத அனுமதிகள் கேட்கப்படுகின்றன. வேறு சர்வரிலிருந்து எடுத்த நகலை ஏற்றும்போது இது வந்தால், நகலில் டிஃபைனர் என்ற சொல்லோடு பழைய சர்வரின் பயனர் பெயர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பிறர் பெயரில் ஒன்றை உருவாக்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, அல்லது உங்கள் பெயரை இட்டு ஏற்றுங்கள். நகல் எடுக்கும்போது பிராசஸ் அனுமதி வேண்டும் என்று செய்தி வந்தால், 2020-இல் வந்த 8.0.21 பதிப்பு முதல் இருக்கும் வழக்கம் அது. பிராசஸ் அனுமதி கேட்காதீர்கள். அதை வைத்து சர்வரில் எல்லாரும் என்ன வினவுகிறார்கள் என்று பார்க்க முடியும். நகல் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையில் நோ டேபிள்ஸ்பேசஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும்.

அனுமதிபோல் தோன்றும் வேறு சிக்கல்களும் உண்டு. 1040 என்றால் சர்வரில் கூட்டம் நிரம்பிவிட்டது. மைஎஸ்க்யூஎல்லில் மாற்றாமல் விட்டால் அதிகபட்சம் 151 இணைப்புகள். 1203 அல்லது 1226 என்றால் உங்களுக்கு ஒதுக்கிய பங்கை நீங்களே தாண்டிவிட்டீர்கள். நிரலில் இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறீர்களா என்று பாருங்கள். உங்களால் மற்றவர்களின் வேலையும் நிற்கும்.

போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே முதல் காவலாளி பிஜி எச்பிஏ என்ற அமைப்புக் கோப்பு. அது மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். பொருந்தும் முதல் வரியோடு முடிந்தது. அந்த வரியில் தோற்றால் அடுத்த வரி முயலப்படாது. பியர் ஆதன்டிகேஷன் ஃபெயில்ட் என்று வந்தால், உங்கள் லினக்ஸ் பயனர் பெயரும் தரவுத்தளப் பயனர் பெயரும் ஒன்றாக இல்லை. முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் கொடுத்து இணைந்தால் வேறு வரி பொருந்திக் கடவுச்சொல் கேட்கப்படலாம்.

உள்ளே போன பிறகு மூன்று படிகள் ஏற வேண்டும். தரவுத்தளத்தில் கனெக்ட், அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் ஸ்கீமாவில் யூஸேஜ், அட்டவணையில் செலக்ட் முதலியன. இங்கே யூஸேஜ் என்பது உண்மையான அனுமதி, மைஎஸ்க்யூஎல்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு முதல் பப்ளிக் ஸ்கீமாவில் புது அட்டவணை உருவாக்கும் உரிமை எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதில்லை. பழைய பாடநூலைப் பார்த்துச் செய்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வரிசை எண் தானாக ஏறும் அட்டவணையில் எழுத முடியாமல் போனால், அந்த வரிசைக்கும் தனி அனுமதி வேண்டியிருக்கலாம். இன்று எல்லா அட்டவணைகளுக்கும் கொடுத்த அனுமதி நாளை உருவாகும் அட்டவணைக்குப் பொருந்தாது.

நிர்வாகிக்கு எழுதுவது

வேலை செய்யவில்லை, பாருங்கள் என்று எழுதினால் அவரும் எதையும் பார்க்க முடியாது. நான் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வடிவம் இது:

"வணக்கம் ஐயா. என் பயனர் பெயர் இது, தரவுத்தளத்தின் பெயர் இது. நேற்று மாலை 6.40 முதல் பில் அட்டவணையில் எழுத முயன்றால் பிழை 1142 வருகிறது. கரண்ட் யூசர் காட்டுவதும் ஷோ கிராண்ட்ஸ் காட்டுவதும் கீழே உள்ளன. இந்த ஒரு தரவுத்தளத்தில் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டிலீட் நான்கும் போதும். முழுப் பிழைச்செய்தியை இணைத்திருக்கிறேன்."

கடவுச்சொல்லை எழுதாதீர்கள். அவருக்கு அது தேவைப்படாது. அனுமதி கொடுத்துவிட்டேன் என்று பதில் வந்ததும், பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாக இணையுங்கள். தரவுத்தள அளவிலான அனுமதி, அடுத்த முறை அந்தத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் நடைமுறைக்கு வரும். இணைப்பைத் திறந்தபடியே வைத்திருக்கும் நிரலை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

பொறுமை இழந்து சிலர் செய்யும் ஒரு காரியத்தைக் கண்டித்தே சொல்கிறேன். கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்புக்கு 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் அனுமதி, கொடுத்துவிடுகிறார்கள். பலர் பகிரும் சர்வரில் அது வீட்டுச் சாவியைச் சேலம் ஐந்து ரோட்டுச் சந்திப்பில் தொங்கவிடுவதற்குச் சமம். உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத அனுமதி தரும் 600 கொடுங்கள். இணையச் சேவை வேறு பயனராக ஓடினால், எந்தக் குழுவுக்கு 640 (குழுவும் படிக்கலாம்) கொடுக்கலாம் என்று நிர்வாகியைக் கேளுங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் நேரடியாகத் தட்டுவதும் வேண்டாம். மற்றவர்கள் ஓடும் வேலைகளின் பட்டியலில் அதைப் பார்த்துவிட முடியும், ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் அது தங்கிவிடும்.

எல்லாம் சரியான பின், ஒரு சோதனை வரியை எழுதி, திருத்தி, படித்து, அழித்துப் பாருங்கள். நான்கும் நடந்தால் இரவு வேலைகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கொலுசுத் தம்பியின் பகல் நிரல் ஓடத் தொடங்கிய பிறகும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் இரவு 11 மணிக்கு எடுக்க வேண்டிய நகல் எடுக்கப்படவில்லை. பதிவுக் கோப்பில் 1045, யூஸிங் பாஸ்வேர்ட் நோ என்று இருந்தது. அவர் கடவுச்சொல்லை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் மாறியாக வைத்திருந்தார்; கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. வீட்டு அடைவில் மை.சிஎன்எஃப் மறைகோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் கடவுச்சொல்லை இட்டு, 600 கொடுத்தார். இந்த முறை எண்ணைப் பார்த்து அவரே கண்டுபிடித்தார், என்னிடம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நகல் கோப்பின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார்.